Re: ‘உருகிய பாலாடைக்கட்டி’ வேண்டாம்; ‘இளகிய சீஸ்’ போதும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழுமம் தமிழில் தொகுக்கும் உணவுக் கையேட்டில், சூட்டில் உருகிய சீஸைக் (melted cheese) குறிக்க ஐயா முன்வைத்த ‘உருகிய பாலாடைக்கட்டி’ பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். பாலாடை என்றால் எங்கள் வண்ணாரப்பேட்டையில் காய்ச்சிய பால்மேல் படியும் ஏடு, இல்லையென்றால் பிள்ளைக்குப் பால் புகட்டும் கிண்ணி. சீஸ் சீஸாகவே இருக்கட்டும். எனக்கு உறுத்துவது ‘உருகிய’ என்ற சொல்தான்.

நேற்று மாலை தங்கசாலைத் தெருவில் ஒரு சாண்ட்விச் வண்டி ஓரமாக நின்று பார்த்தேன். ரொட்டிக்குப் பதில் முறுக்கு வைத்த சாண்ட்விச்சின் மேல் வண்டிக்காரர் சீஸை அப்படியே துருவிப் போட்டார், பூப்போல நின்றது. அடுத்து டோஸ்ட். கல்லில் அழுத்திய ரொட்டியின் ஓரத்தில் வழிந்த சீஸ் முதலில் பளபளத்தது, பிறகு தளர்ந்து பரவியது. அதை எடுக்கச் சற்றுத் தாமதமானதும் மஞ்சள் எண்ணெய் முத்து முத்தாகக் கசிந்தது. “எண்ணெய் பிரிஞ்சிடுச்சு, வேற போட்டுத் தரேன்” என்றார்.

அங்கே நடந்தவை இரண்டு. சீஸில் உள்ள கொழுப்பு சுமார் 32 டிகிரி செல்சியஸிலேயே உருக ஆரம்பிக்கிறது. ஆனால் செடார் என்ற கெட்டியான சீஸ் வகை வழிந்து பரவ 65 டிகிரி அளவு சூடு வேண்டும். அப்போதுதான் பாலின் முக்கியப் புரதமான கேசீன் பின்னிய வலையின் பிடி தளர்கிறது. கொழுப்பு உருகுகிறது, புரதம் இளகுகிறது. தமிழ் இந்த வேறுபாட்டை முன்பே வைத்திருக்கிறது: மனம் உருகினார் என்றால் கண்ணீர் வந்தது, மனம் இளகினார் என்றால் பிடிவாதம் தளர்ந்தது.

பனீர் ஏன் இப்படி ஆவதில்லை என்று அம்மையார் கேட்டிருந்தார். அது சூடான பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தது. செடாரில் புரதங்களை இணைத்துவைப்பதில் கால்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பனீரில் புளிப்பு அந்தக் கால்சியத்தில் பெரும்பகுதியைக் கரைத்துவிட, புரதங்கள் ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொள்கின்றன. வறுத்தால் சிவக்கும், இளகாது. ஆக, சூட்டில் இளகும் தன்மைக்கு ‘இளகுதிறன்’ என்ற சொல்லும் கிடைக்கிறது. எண்ணெய் கசிவதற்கு ‘எண்ணெய் பிரிதல்’. குழம்பு வைக்கிற எல்லோரும் சொல்வதுதானே.

சூடாக்காத சீஸை ‘குளிர்ந்த சீஸ்’ என்பதிலும் சிக்கல் உண்டு. ஒருமுறை இளகி, மறுபடி இறுகி ரப்பர் போல ஆனது ‘ஆறிய சீஸ்’. முறுக்கின் மேல் துருவியது அது இல்லை. காய்ச்சாத தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் என்கிற மாதிரி ‘பச்சை சீஸ்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் அழகுதான், ஆனால் ஆபத்து. காய்ச்சாத பச்சைப் பாலில் செய்த மென்மையான சீஸில் லிஸ்டீரியா கிருமி இருக்கக்கூடும், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். இரண்டும் குழம்பிவிடக் கூடாது. ‘சூடுபடாத சீஸ்’ என்றே வைப்போம்.

சீஸைச் சூடாக்கினால் உடம்புக்குக் கெடுதல் என்ற வரியைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 100 கிராம் செடாரில் ஏறக்குறைய 400 கலோரி, 25 கிராம் புரதம், 33 கிராம் கொழுப்பு, 700 மில்லிகிராம் கால்சியம். இளகினாலும் இந்தக் கணக்கு அப்படியேதான். பிரிந்த எண்ணெயை வடித்தால் மட்டும் கொழுப்பு கொஞ்சம் குறையும். ரத்தக் கொதிப்பு உள்ளவர் பார்க்க வேண்டியது உப்பை. பதப்படுத்திய சீஸில் எண்ணெய் பிரியாமல் இருக்கச் சோடியம் சிட்ரேட், பாஸ்பேட் போன்றவற்றைச் சேர்ப்பதால் சோடியம் கூடும்.

அப்புறம், மொசரெல்லா நூலாக நீளும் நிலைக்கு ‘கம்பிப் பதம்’ என்கிறேன். அது சர்க்கரைப் பாகுக்கே உரியது என்று நினைப்பவர்கள் வேறு சொல் தாருங்கள். ‘இழுவைத்தன்மை’ மட்டும் வேண்டாம். அதைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் வலையை இழுத்துப்போகும் காசிமேட்டு இழுவைப்படகுதான் நினைவுக்கு வரும்.