நாளைக்கு மலை ஏறணும், மழைன்னு காட்டுது: போகலாமா?

புதுவரவு_யூகே
எல்லாருக்கும் வணக்கம். யூகே வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஆபீஸ்ல நாளைக்கு ஒரு வாக் போறாங்க, குடும்பத்தோட வரச் சொன்னாங்க, சரின்னுட்டேன். "சின்ன மலைதான், ஈஸி"ங்கறாங்க. ஆப்ல மழைன்னு வருது. ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் தவிர ஒண்ணும் இல்ல. பையனும் வரான். வீட்டுல பயப்படறாங்க. கடை மூடறதுக்குள்ள என்ன வாங்கணும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பென்னைன்_பாதை
எந்த மலை, எந்த ஊர்லேர்ந்து கிளம்புறீங்க, பையனுக்கு என்ன வயசு? மூணையும் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒண்ணு: ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நனைஞ்சா லேசில் காயாது, மேலே காத்து பட்டதும் உடம்புச் சூட்டை இழுத்துடும். ஜிம் பேன்ட், பாலியஸ்டர் டீ-ஷர்ட் இருந்தா அதுவே போதும்.

ஹாரோ_அக்கா
தம்பி, முதல் நடைக்கு மலை எதுக்கு? லண்டன் வாட்டர்லூவில கோச்சி (டிரெயின்) எடுத்து பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள்ல இறங்குங்கோ. மோல் ஆத்தை மிதிகல்லில தாண்டி ஏறினா 224 மீட்டர்தான். ஆத்தில தண்ணி கூடினா கல்லுகள் மூழ்கிப் போகும், பக்கத்தில பாலம் கிடக்கு, அதால போங்கோ. சுண்ணாம்பு மண் மழைக்குச் சறுக்கும்.

கோடைக்கு சீஃபோர்டிலயிருந்து ஈஸ்ட்போர்ன் வரைக்கும் செவன் சிஸ்டர்ஸ் எண்ட கடலோரப் பாறைகள் வழியா நடக்கலாம், 22 கி.மீ. அளவு. கடற்கரையோட கக்மியர் ஆத்தைக் கடக்க ஏலாது, உள்ளுக்கு எக்ஸீட் பாலத்துக்குப் போய்த்தான் வரவேணும். கன பேர் இதை யோசிக்காமல் நேரத்தை விடுகினம். பாறை விளிம்புக்குக் கிட்டப் போகாதேங்கோ. கீழ வெறுமையா இருக்கும், சொல்லாமல் இடிஞ்சு விழும்.

கார்டிஃப்வாசி
பூட்ஸ் இல்லாம கிளம்பாதீங்க. கணுக்காலை மூடணும். தடிச்ச சாக்ஸ் போட்டுக்கிட்டு, சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பாருங்க. பென் ஈ ஃபேன் 886 மீட்டர், தெற்கு பிரிட்டன்ல அதுதான் உயரம். கார்டிஃப்லேர்ந்து டி4 பஸ் ஸ்டோரி ஆர்ம்ஸ்ல நிக்கும். கல் பாவின பாதைதான், ஆனா மேகம் இறங்கினா பக்கத்துல இருக்கிற கோர்ன் டீ எது, பென் ஈ ஃபேன் எதுன்னு தெரியாது. வடக்குப் பக்கம் செங்குத்துச் சரிவு.

ஈரக்கால்
பூட்ஸ்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். புது பூட்ஸை முதல் நாளே 10 கி.மீ.க்கு மாட்டினா குதிகால் கொப்புளிச்சிடும். அடியில பள்ளம் ஆழமா இருக்கிற டிரெயில் ஷூ போதும். கணுக்காலை விட சோல்தான் முக்கியம். வழவழன்னு தேஞ்சது ஈரப் புல்லில நிக்காது.

லெஸ்டர்_ராஜா
மொதல்ல இந்த ஊர் குளிர்காலத்தைத் தாண்டுங்க. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டு, ஜி.பி. (குடும்ப டாக்டர்) அப்பாயின்மென்ட் கிடைக்காது, ஞாயித்துக்கிழமை டிரெயினை நம்பவே முடியாது, பக்கத்து வீட்டுக்காரன் பேசமாட்டான். முதல் ஆறு மாசம் எல்லாருக்கும் இதே பாடுதான். வைட்டமின் டி வாங்கிக்கோங்க, அது மலையை விட அவசியம்.

கார்டிஃப்வாசி
டிரெயின் விலையைச் சொல்லுங்க முதல்ல. கார் இல்லாதவங்களுக்கு இங்க மலையே இல்லைன்னு ஆக்கி வச்சிருக்காங்க.

ஹாரோ_அக்கா
பேசமாட்டினம் எண்டு சொல்லாதேங்கோ. நடைபாதையில எதிர்ல வாற ஆக்கள் முக்காவாசிப் பேர் ஹலோ சொல்லுவினம். நீங்களும் சொல்லவேணும்.

புதுவரவு_யூகே
மன்னிக்கணும், இப்பதான் கேட்டுச் சொல்றேன். மலை பேர் மாம் டார். மான்செஸ்டர்லேர்ந்து ஈடேல் போய் 10:30க்கு நடக்க ஆரம்பிக்கிறோம், ஹோப் ஸ்டேஷன்ல முடியுது. பையனுக்கு 7 வயசு.

பென்னைன்_பாதை
இதைத்தான் கேட்டேன். நல்ல வழி. இந்த நவம்பர்ல கூடப் பொருந்தும், நேரத்தை மட்டும் விட்டுடக் கூடாது.

டிக்கெட்: மான்செஸ்டர்–ஹோப் ரிட்டர்ன் எடுங்க. வழியில ஈடேல் வருது, அங்க இறங்கிக்கலாம். ஈடேல் வரைக்கும் மட்டும் எடுத்தா, திரும்பும்போது ஹோப்–ஈடேல் துண்டுக்கு டிக்கெட் இருக்காது.

தூரம் ஏறக்குறைய 12 கி.மீ., ஏற்றம் எல்லாம் சேர்த்து 400 மீட்டர் சொச்சம். 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணின்னு நெய்ஸ்மித் கணக்கு. அதன்படி மூணு மணி நேரம். சின்னப் பையன், சாப்பாடு, சேறு எல்லாத்துக்கும் சேர்த்து அஞ்சு வையுங்க. சூரியன் 4 மணிக்குச் சற்றுப் பின்னால மறையும். ஹெட் டார்ச் கட்டாயம். போன் வெளிச்சத்தை நம்பாதீங்க, குளிர்ல பேட்டரி சடசடன்னு இறங்கும்.

ஈடேல்லேர்ந்து முதல்ல ஹாலின்ஸ் கிராஸ், ரெண்டு பள்ளத்தாக்குக்கும் நடுவே இருக்கிற தாழ்ந்த கணவாய். அங்கிருந்து மேற்கே மாம் டார், 517 மீட்டர், பாதையில பலகைக்கல் பதிச்சிருக்காங்க. மேலே நின்னா கீழே கார் ரோடு ஒண்ணு துண்டு துண்டா உடைஞ்சு கிடக்கறது தெரியும். மலைச்சரிவு நகர்ந்துக்கிட்டே இருந்ததால 1979ல அந்த ரோட்டை மூடிட்டாங்க. பையனுக்குக் காட்டுங்க. பிறகு அதே வழியில ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பி, கிழக்கே பேக் டார், லூஸ் ஹில் (476), ஹோப்.

ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பும்போது மணி 1:30 தாண்டியிருந்தா பேக் டார் வேண்டாம். அந்த ஏற்றம் தளர்ந்த கல், வடக்கே பாறை விளிம்பு, இருட்டிலயும் ஈரத்திலயும் பையனோட கூடாது. அங்கிருந்து வடக்கே ஈடேல், தெற்கே காஸில்டன், ரெண்டு பக்கமும் நேர்ப்பாதை உண்டு. மழைக்காகத் திரும்ப வேண்டாம். காத்துக்காகத் திரும்புங்க. மெட் ஆபீஸ் (இந்த ஊர் வானிலை மையம்) போடற மலை வானிலையைப் பாருங்க, வீச்சு மணிக்கு 40 மைலைத் தொட்டா குழந்தையோட அந்த முகட்டில நிக்காதீங்க.

வாங்க வேண்டியது: தையல் உள்பக்கம் டேப் ஒட்டின மழைக்கோட்டு ஆளுக்கு ஒண்ணு, பையனுக்கு மழைப்பேன்ட்டும் சேர்த்து. குல்லாய், ரெண்டு ஜோடி கையுறை, மாத்து சாக்ஸ். ஃபிளீஸ் ஒண்ணு, தெர்மாஸில சூடா ஏதாவது. பைக்கு வெளியே மாட்டுற கவரைக் காத்து கழட்டிடும், உள்ளே பெரிய பிளாஸ்டிக் பை போட்டு அதுக்குள்ள துணியை வையுங்க. குடை உதவாது. கையுறையோட சாப்பிட சப்பாத்தி ரோல் வசதி. ஷூ விஷயத்துல ஈரக்கால் சொல்றதுதான் சரி. உங்க ஷூ அடியில பள்ளம் இருந்தா அதையே போடுங்க, இல்லாட்டி மட்டும் புதுசு.

ஓ.எஸ்.ங்கற அரசு மேப் நிறுவனத்தோட எக்ஸ்ப்ளோரர் ஓ.எல். 1 மேப்பை இன்னைக்கே போன்ல இறக்கிக்கோங்க, பள்ளத்தாக்குல சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பச்சைக் கோடுகள்தான் பொதுவழி, கறுப்புக் கோடு இருந்தா அது பாதைன்னுதான் அர்த்தம், உரிமைன்னு இல்ல. ஏதாவது ஆனா 999, போலீஸ் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ. காசு வாங்கமாட்டாங்க, எல்லாரும் தன்னார்வலர்கள்.

கார்டிஃப்வாசி
ஷூல விட்டுக்கொடுக்கிறேன். வேலிக் கதவை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுட்டுப் போங்க. கன்னுக்குட்டியோட மாடு நின்னா நடுவுல புகாம சுத்திப் போங்க.

புதுவரவு_யூகே
கடைக்குக் கிளம்பிட்டேன். ஷூ அடியைப் பார்த்தேன், பள்ளம் இருக்கு. ரொம்ப நன்றி.

ஹாரோ_அக்கா
சப்பாத்து (ஷூ) நனைஞ்சால் ஹீட்டருக்கு மேல வைக்காதேங்கோ, ஒட்டினது விட்டுப்போகும். உள்ளுக்குப் பேப்பர் அடைஞ்சு, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ.