நங்கநல்லூர் தனி வீடு: பார்க்க வருபவர்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பெங்களூர்வாசி:

நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டு மனையில் 1986ஆம் ஆண்டு என் தந்தை கட்டிய தனி வீட்டை விற்பதென்று குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறோம். எண்பதை நெருங்கும் பெற்றோர் இருவரும் இன்னும் அங்கேயே வசிக்கிறார்கள். நான் பெங்களூரிலிருந்து அவ்வப்போது வந்து போகிறேன். இணையத்தில் விளம்பரம் கொடுத்ததுடன் இரண்டு தரகர்களிடமும் சொல்லி வைத்திருப்பதால், முன்கூட்டித் தெரிவிக்காமலேயே ஆட்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள். சிலர் அம்மாவை வைத்துக்கொண்டே, இதை இடித்துவிட வேண்டியதுதான் என்று பேசுகிறார்கள். அப்பாவோ வருகிற ஒவ்வொருவரையும் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று, மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரைத் தாமே முதலில் காட்டிவிடுகிறார். வெள்ளையடித்துவிட்டுக் காட்டலாமா, பத்திர நகல்களைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:

வருபவர்களை வீட்டு வாசலில் அல்ல, தொலைபேசியிலேயே இரு வகையாகப் பிரித்துவிடுங்கள். பழைய தனி வீடு ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், இருக்கும்போது கேட்பவர்களில் பெரும்பாலோர் அடுக்குமாடி கட்டும் எண்ணத்துடன் மனைக்காகவே வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மனையின் நீள அகலம், தெருவின் அகலம், பத்திரத்தின் தெளிவு ஆகிய மூன்றுதான். உங்கள் அம்மாவின் சமையலறைக்குள் அவர்கள் கால் வைக்க ஒரு காரணமும் இல்லை. வெளியே நின்று அளந்துகொண்டு போகட்டும். குடியிருக்க வாங்குபவர்களுக்கு மட்டும் உள்ளே காட்டினால் போதும். அப்படிச் செய்தால் வருகிறவர்களின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிடும், இடிப்பது பற்றிய பேச்சும் அம்மாவின் காதில் விழாது.

குடியிருக்க வாங்குபவர்களுக்குப் பகல் வெளிச்சத்தில், காலை பத்து மணிக்கு மேல் காட்டுங்கள். இராகு காலத்தைத் தவிர்த்து நேரம் கொடுத்தால் கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்கள் குறைவார்கள். மோட்டாரைப் போட்டு, மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் நீரின் வேகத்தையும் சுவையையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, மெட்ரோ குடிநீர் இணைப்பு ஆகியவற்றில் எவை இருக்கின்றன, கோடையில் எது கைகொடுக்கிறது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் மழையில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று தென்சென்னையில் கேட்காதவர் அரிது. அதற்கும் நேரான பதில் தயாராக இருக்கட்டும். மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்திருந்தால் மறைக்காமல் அழைத்துச் சென்று காட்டுங்கள்.

ஓதம் பற்றி உங்கள் தந்தை செய்வதே சரி. சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் தெரியாத முக்கியமான குறை ஒன்று தமக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குபவரிடம் விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்கிறது. ஓதம் ஏறும் சுவரில் புதுச் சுண்ணாம்பு அடிப்பது அந்தக் குறையைத் தெரிந்தே ஒளித்து வைப்பதாகிவிடும். தவிர, உப்புப் பூத்து அது சில வாரங்களிலேயே உரிந்துவிடும். காட்டுகிற வரிசையை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளலாம். கூடத்தையும் கிணற்றடியையும் காட்டிய பிறகு பின்கட்டுக்குப் போகலாமே.

தென்சென்னைத் தரகர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். தரகராக ஒன்று சேர்க்கிறேன்: வாசலில் ஒரு குறிப்பேடு வைத்து, வருபவரின் பெயர், தொலைபேசி எண், தேதி, யார் மூலம் வந்தார் என்பதை எழுதி வாங்குங்கள். ஒரே ஆளை இரண்டு தரகர்கள் அழைத்து வருவதும், பிறகு தரகுப் பணம் யாருக்கு என்று கிரயத்தன்று சண்டை வருவதும் எங்கள் தொழிலில் வழக்கம்தான். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு அது பாதுகாப்பும் கூட.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், முதல் சந்திப்பில் பத்திர எண்ணும் சர்வே எண்ணும் போதும். மீண்டும் வந்து விலை பேசுகிறவர்களுக்கு மட்டும் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் பழைய பத்திரம்), பட்டா, சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல்களைக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 'பார்வைக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதித் தேதியிடுங்கள். அசல் பத்திரத்தைக் கைபேசியில் படம் எடுக்க விடாதீர்கள். 'கடைசி விலை என்ன?' என்று அப்பாவிடம் கேட்டால், பையனிடம் பேசுங்கள் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லக் கூடாது.

மேற்கு மாம்பலம் மருமகள்:

வருபவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டாம். எங்கள் மாமியார் எல்லோரையும் உட்கார வைத்து உபசரிப்பார். காபி குடித்தவர்கள் கூச்சத்தால் கழிவறையைத் திறந்து பார்க்காமலும் விலையைக் குறைத்துக் கேட்காமலும் எழுந்து போய், பிறகு வரவேயில்லை. தண்ணீர் போதும். பீரோ இருக்கும் அறையைக் கடைசியில், நீங்கள் உடன் நின்று காட்டுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் அம்மா ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் வரட்டும்.

பெங்களூர்வாசி:

அனைவருக்கும் நன்றி. இனிச் சனிக்கிழமை முற்பகல் மட்டும் உள்ளே காட்டுவதென்றும் அன்று நானே இருப்பதென்றும் முடிவு செய்துள்ளேன். இன்னொன்று: வீட்டைப் பார்த்த ஒருவர், வெற்றிலை பாக்கோடு 1 லட்ச ரூபாயை ரொக்கமாக அப்போதே வைத்துவிடுகிறேன், வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:

வேண்டாம். நிலம், வீடு விற்பனைக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டவருக்கே அதே அளவு தொகை அபராதமாகலாம். அவர் உண்மையிலேயே விரும்பினால் வங்கி வழியாகச் செலுத்தட்டும், கிரய ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதைப் பதிவு செய்வதும் கட்டாயம். ஒப்பந்தம் பதிவாகும் வரை மற்றவர்களுக்கும் காட்டிக்கொண்டிருங்கள்.