பாட்டி நினைவுநாளுக்கு வடகம்: அளவு சொல்லுங்களேன்

கேள்வி: வியட்நாமின் சைகோனில் நர்ஸாக இருந்து, 1975-க்குப் பிறகு புதுச்சேரி திரும்பிய பாட்டிக்கு முதல் வருஷத் திதி. நோயாளிகள் வீட்டுக்கும் வடகம் உருட்டிக் கொடுத்தவர். சொந்தபந்தத்துக்கு அதையே கொடுக்க ஆசை. பக்குவம்?

பதில்: சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், உளுந்து 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள்தூள், கல் உப்பு. வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் நீர்விட்டு உருண்டை நிற்காது. எல்லாவற்றையும் கலந்து வையுங்கள், ராத்திரி ஊறட்டும். காலையில் பிழிந்து உருட்டி வெயிலில் வைத்து, சாயங்காலம் அதே சாற்றில் உதிர்த்துப் போடுங்கள். சாறு வற்றும்வரை தினமும் இப்படித்தான். வாசனையே அந்தச் சாற்றில்தான்!

பதில்: கடைசி உருட்டலுக்கு விளக்கெண்ணெய். கடலோர ஈரக்காற்று, பனி இறங்குமுன் உள்ளே எடுக்காவிட்டால் பூசணம் நிச்சயம். உடைத்தால் நடுவிலும் சலசலவென உதிரணும்.

பதில்: திதிக்கு வெங்காயம், பூண்டு ஆகாத வீடென்றால் படைக்காமல், சாப்பாடு முடிந்து கிளம்பும்போது கொடுங்கள்.