தேயிலைத் தோட்டம்: இப்போதே செட்டில்மெண்டா, உயில் போதுமா?

கட்டபெட்டு விவசாயி:
எனக்கு 71 வயது. கோத்தகிரி வட்டத்தில் இரண்டரை ஏக்கர் தேயிலையும் ஒரு வீடும் இருக்கின்றன. எதுவும் எழுதாமல் நான் கண்ணை மூடினால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், இரண்டு மகள்கள் ஆகிய நால்வருக்கும் சம பங்கு என்பது தெரியும். தோட்டத்தை நான்காகப் பிரித்தால் கொழுந்து பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது. ஆகவே அதைக் கவனித்துக்கொள்ளும் மகனுக்குத் தோட்டத்தையும், மகள்களுக்கு வீட்டையும் கொடுக்க எண்ணுகிறேன். இப்போதே தானமாக அவர்கள் பெயருக்கு மாற்றும் செட்டில்மெண்ட் பத்திரமா, என் காலத்துக்குப் பிறகு செல்லும் உயிலா, எது நல்லது?

உதகைவாசி:
ஐயா, தயங்காமல் செட்டில்மெண்ட் எழுதுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டாலே உயில் செல்லும், பதிவுகூடக் கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் வழக்கு என்று வந்தால், உயிருடன் இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் உயிலின் ஒரு சாட்சி இறந்துவிட்டார். மற்றவரோ, "கையெழுத்துப் போட்டேன், என்ன காகிதம் என்று நினைவில்லை" என்றார். ஆறு ஆண்டுகள் அலைந்தோம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய்.

குன்னூர் மகள்:
இதை நான் ஏற்கவில்லை. என் அம்மா அண்ணன் பெயருக்கு எழுதிக் கொடுத்த மறு மாதமே தொழிற்சாலையில் இலைக் கணக்குப் புத்தகம் அவர் பெயருக்கு மாறியது. அதன் பிறகு மாத்திரை வாங்கவும் அம்மா அவரிடம் கையேந்த வேண்டியிருந்தது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டுக் கோட்டாட்சியரிடம் போகலாம் என்று பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், "எவ்வித நிபந்தனையுமின்றி" என்ற வரிதான் இருந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. உயிலென்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே நிற்கும்.

உதகைவாசி:
அது எழுதியவரின் பிழை, பத்திரத்தின் பிழையன்று. ஆயுள் உள்ளவரை அனுபவ உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எழுதிய தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. பராமரிப்பு நிபந்தனையையும் சேர்த்து எழுதினால், மகன் தவறும்போது சொத்தைத் திரும்பப் பெற வழி உண்டு.

குன்னூர் மகள்:
மகன் எந்தத் தவறும் செய்யாமல், தகப்பனுக்கு முன்பே கண்ணை மூடிவிட்டால்? அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் சட்டப்படி முதலில் சொத்தைப் பெறும் முதல் வகுப்பு வாரிசுகள்; எழுதிக் கொடுத்த தகப்பனுக்கு அந்த வகுப்பில் இடமே கிடையாது. சொல்வதற்கே வாய் கூசுகிறது என்றாலும் பத்திரம் எழுதும்போது இதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

கோத்தகிரி பத்திர எழுத்தர் (ஓய்வு):
இருவரும் நன்றாகவே வாதிடுகிறீர்கள். ஆனால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) பாட்டனார் பெயரிலேயே கூட்டுப் பட்டா கிடக்க, அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் வரப்பு கட்டிப் பறித்து வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனக்கு உரிமையுள்ள பங்கை மட்டுமே ஒருவர் உயிலிலோ செட்டில்மெண்டிலோ எழுத முடியும். பூர்வீகச் சொத்தாக இருந்தால், 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உங்கள் மகள்களுக்கு அதில் பிறப்பிலேயே பங்கு உண்டு. முதலில் பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

கட்டபெட்டு விவசாயி:
நேற்று எடுத்துப் பார்த்தேன். பட்டா இன்னும் என் தகப்பனார் பெயரில்தான் இருக்கிறது. அவர் சொந்தமாக வாங்கிய நிலம். உயில் எழுதாமல் 1987-இல் காலமானார். அம்மாவும் இப்போது இல்லை. நால்வருக்குப் பங்கு என்று கணக்குப் போட்ட நான், என் இரண்டு தங்கைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது. அவர்கள் தங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சம்மதித்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் என்னுடையது. வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எழுத்தர் ஐயா, விடுதலைப் பத்திரத்துக்கு அவர்கள் இருவரும் என்னென்ன ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும்?