ராத்திரி பத்து மணிக்குக் களி: காலைச் சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது

கேள்வி (பாலக்கோடு பக்கம்):
அப்பாவுக்கு 58 வயசு. காலையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின்னு சர்க்கரை மாத்திரை போடுறார். அப்புறம் வெறும் டீதான், மதியம் 2 மணிக்குச் சோறு. தோட்டத்தில் மோட்டாரை நிறுத்திட்டு வர ராத்திரி 10 ஆயிடும். ரெண்டு ராகிக் களி உருண்டை, கீரைக் கடைசல், உடனே படுக்கை. வெறும் வயிற்றில் 160க்குக் கீழே வரவே இல்லை. களி நல்லதுன்னுதானே சொல்றாங்க?

பதில் 1:
களியைவிட நேரம்தான் முதல் சிக்கல். இருட்டினபிறகு உடம்பில் மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோன் ஏறும். அது கணையத்தின் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்தும். அதனால் அதே உருண்டை காலை எட்டு மணியைவிட ராத்திரி பத்துக்குச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி வேணும். வேலையைத் தள்ள முடியாதுன்னா 6.30க்குத் தோட்டத்துக்கே சாப்பாட்டைக் கொடுத்து அனுப்புங்க. வந்தபிறகு பசிச்சா மோர், ஒரு கைப்பிடி சுண்டல் போதும்.

ராகியில் நார்ச்சத்து உண்டுதான். ஆனா நைசா அரைச்ச மாவைக் கிண்டினா சீக்கிரம் செரிச்சுடும். 60 கிராம் மாவிலேயே மாவுச்சத்து 40 கிராமுக்கு மேல. ஒரு உருண்டையோட நிறுத்தி, கூட அவரைக்கொட்டையோ கொள்ளோ வைங்க. கீரையும் பயறும் பாதி போனபிறகு களியைத் தொடட்டும்.

பதில் 2:
நேரத்தை மாற்றினா மட்டும் சரியாகும்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. விடியற்காலையில் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறி, ஈரல் தானாகவே சர்க்கரையை விடும். மூணு நாள், வீட்டு மீட்டரில் தினம் மூணு தடவை சர்க்கரை பாருங்க: ராத்திரி முதல் வாய் வெச்சதிலிருந்து 2 மணி நேரம் கழிச்சு, அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும். முதல் ரெண்டும் உசரமா இருந்தா ராத்திரிச் சாப்பாடுதான் காரணம். 3 மணிக்கு நார்மல், எழும்போது ஏற்றம்னா விடியல் உயர்வு. அதுக்கு டாக்டர் மருந்தைப் பார்க்கணும். 70க்குக் கீழே இருந்தா அன்றைக்கே போங்க.

மாம்பழம் நறுக்கின கையோட விரலைக் குத்திப் பார்த்தா, ரத்தத்தில் இல்லாத சர்க்கரையை மீட்டர் ஸ்ட்ரிப் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சுட்டுக் குத்துங்க.

பதில் 3:
எனக்கு அதிகம் கவலை அந்தக் காலை டீதான். கிளிமிபிரைடு போட்டுட்டு 2 மணி வரை சாப்பிடாம இருந்தா தாழ்சர்க்கரை வரும், அதுவும் வெயிலில் மண்வெட்டியோட நிற்கிறவருக்கு. மாத்திரை காலைச் சாப்பாட்டோடதான் போகணும். காலையில் சாப்பிடாத நாளில் மதியச் சோறும் வழக்கத்தைவிடச் சர்க்கரையை ஏற்றும்.

கை நடுக்கம், வேர்வை வந்தா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சுப் பாருங்க. அப்பவும் 70க்குக் கீழேன்னா இன்னொரு தடவை, ஏறினபிறகு சாப்பாடு. ராத்திரிக் களியைக் குறைக்கும் முன்னாடி டாக்டரிடம் சொல்லிடுங்க, மாத்திரை அளவும் மாறலாம்.