மறுமொழி: கலைச்சொல் வேண்டும் – நீர்க்கரையில் நிலத்தோடு ஒன்றிய தங்குமிடம்

> 'நிலத்தோற்றத்தில் கலந்து மறையும் ஏரிக்கரை ஒதுங்கிடம்' என்று போடலாமா? கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளின் குறிப்புக்கு.

அண்ணை, 'ஒதுங்கிடம்' வேண்டவே வேண்டாம். குளக்கரையில் ஒதுங்குவது என்றால் எங்கள் ஊரில் வேறு அலுவல். 'ஏரி'யும் யாழ்ப்பாணத்தில் வாயில் வராது. நமக்குக் குளம், இல்லையென்றால் கடல்நீரேரி. 'நீர்க்கரை' என்றால் இரண்டும் அடங்கும்.

'மறையும்' என்பதில்தான் எனக்குப் பெரிய சிக்கல். தம்புள்ளைக்குப் பக்கத்தில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1990களில் கட்டிய கண்டலம விடுதியை எடுங்கள். கொடி படர்ந்து கட்டடமே தெரியாது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பாறையை ஒட்டி வளைந்து வளைந்து போவதும், தூண்மேல் நிற்பதால் மழைநீர் கீழால் ஓடுவதும் அல்லவா அங்கே வேலை? கொடியை முழுக்க வெட்டினாலும் அது நிற்கும்.

இங்கே யாழ்ப்பாணத்தில் இன்னும் கவனம் வேண்டும். கீழே சுண்ணக்கல், முழுக்க வெடிப்பு. தொண்டைமானாற்றுக் கரையில் பனையோலை வேய்ந்து, கண்டல் மரம் ஒன்றைக்கூட வெட்டாமல் அழகாகக் கட்டிவிட்டு, மலசலகூடக் குழியை மட்டும் வழக்கம்போலத் தோண்டினால் கழிவு பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் போய் நிற்கும். கண்ணுக்குக் கலந்துவிட்டது, நிலத்துக்கு ஒத்துவரவில்லை. அதனால் 'இயைபு' என்கிறேன்: நிலத்தியைபு. (நிலவியைபு என்று எழுதினால் பிள்ளைகள் நிலாவைத் தேடுவார்கள்.)

தங்குமிடத்துக்குக் 'கரைவாடி'. மீன்பிடிப்பவர்கள் பருவத்துக்குக் கம்பு நட்டு, கிடுகு கட்டிப் போடுவது வாடி. பருவம் முடியக் கழற்றினால் மணல் பழையபடி.

----

> தங்குமிடத்துக்குக் 'கரைவாடி'

தம்பி, நிலத்தியைபு சரி, பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கரைவாடிதான் இடிக்கிறது. கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரரின் வாடியோடு குழம்பும். அதோடு, விடுதி கட்டுகிறவர் கரைக்குப் போகும் பாதையையும் அடைத்து, அவர்களுடைய சொல்லையும் எடுத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? பயணிகள் தங்கும் விடுதிக்கு 'வாடிவீடு' ஏற்கெனவே ஊரறிந்த சொல். 'நீர்க்கரை வாடிவீடு' என்று போடுவோமே. வரைபடத்தில் இடம் போதாவிட்டால் 'நீர்வாடி'.

----

நீர்க்கரை வாடிவீடு சரி அண்ணை. 'நீர்வாடி' மட்டும் வேண்டாம், குளம் வற்றிப்போன மாதிரி இருக்கிறது.