புது மரக் குழல் வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கையால் கடைந்த மரக் குழல் (ஐரிஷ் இசையில் வாசிக்கும் வகை) ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக ஊசலாடிக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த குழல். ரெண்டு கட்டை ஸ்ருதி, ஆறு துளை, கீ (துளையைத் திறந்து மூடும் உலோக நெம்புகோல்) எதுவும் கிடையாது. ஸ்ருதி சுத்தம், கீழே விழுந்தாலும் அசராது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவருடைய பிளாக்வுட் (கனமான கரிய மரம்) குழலை வாங்கி நாலு மூச்சு ஊதிப் பார்த்ததிலிருந்து என் குழல் மேல் மனம் ஒட்டவில்லை. செய்பவரோ, காத்திருப்பே வருடக் கணக்கில் ஆகும் என்கிறார். முன்பணமும் கேட்கிறார். வாங்கியவர்கள், வாங்காமல் விட்டவர்கள், வாங்கி விற்றவர்கள் எல்லோரும் வாருங்கள். மூங்கிலா மரமா என்ற சண்டை மட்டும் வேண்டாம், அது தனிக் கதை.

*

வாங்கியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊதிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற பேச்சோடுதான் நான் ஆர்டர் கொடுத்தேன். பார்சல் வந்ததும் பாட்டு எதையும் வாசிக்கவில்லை. பாட்டு வாசித்தால் எந்தக் குழலும் நல்ல குழலாகத்தான் தெரியும். ஆறு துளையையும் மூடி அடி ஸ்வரத்தை மட்டும் நீட்டி ஊதினேன், முதலில் மெதுவாக, அப்புறம் பலமாக. நல்ல குழலில் காற்றைக் கூட்டக் கூட்ட அந்த ஸ்வரம் தடித்து ஒரு கரகரப்பு ஏறும், மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடாமல் நிற்கும். அது தாவிக்கொண்டே இருந்தால் முதலில் விரல் சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து இணைப்புகளில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். ரெண்டும் சரியாக இருந்தும் தாவினால்தான் குழலைச் சந்தேகிக்க வேண்டும்.

டியூனரை (ஸ்ருதி அளக்கும் கருவி) எடுத்தவுடன் நீட்டாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஸ்ருதி ஏறக்குறைய 3 சென்ட் உயரும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). குளிர்ந்த குழலை அளந்துவிட்டுச் செய்தவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. இன்னொன்று, டியூனரைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தானாக ஸ்ருதியைத் திருத்திக்கொள்ளும், நமக்கே தெரியாது. நான் டியூனரை வீட்டிலிருந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊதினேன். அடி ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்தால் காந்தாரம் கொஞ்சம் இறங்கியும் பஞ்சமம் கொஞ்சம் ஏறியும் நிற்பது இந்த வடிவத்தின் பிறவிக் குணம். உதட்டால் சரிக்கட்டும் அளவில் இருந்தால் போதும். கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏனென்றால் அது உள்துளையின் விவகாரம். தலைப்பகுதி நேர்க்குழாய், உள்விட்டம் 19 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அங்கிருந்து கால் பக்கம் போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். அந்தக் குறுகல்தான் ரெண்டு ஸ்தாயியையும் ஒரே வழிக்குக் கொண்டுவருகிறது. வெளிப்புறத்தைக் கடைசலில் வழவழப்பாக்குவது பெரிய காரியம் இல்லை, ரீமர் என்ற கூம்பு வடிவக் குடையும் கருவி போட்டு உள்ளே குடைவதுதான் வித்தை. குடைந்த மரம் மெல்ல அசையும், கோணும். அதனால் தேர்ந்தவர்கள் ஒரு தடவை குடைந்து, மாதக் கணக்கில் கிடக்கப் போட்டு, மறுபடி குடைவார்கள். உங்கள் ஆளிடம் மரம் எவ்வளவு காலம் கிடந்தது என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவருக்கு முன்பணம் கொடுக்கலாம்.

இவ்வளவு சோதனையிலும் என் குழல் தேறியது. ஆனாலும் திருப்பி அனுப்பினேன். என் வலது கை மோதிர விரல் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பிராட்டன் என்று சொல்லும் பெரிய துளை வடிவம் அது. துளை பெரிதானால் ஸ்ருதி ஏறும், அதை ஈடுகட்டத் துளையை இன்னும் கீழே தள்ளிப் போட வேண்டும், அப்போது விரல் இன்னும் விரிய வேண்டும். விரல் நுனிக்குப் பதில் நடுப்பகுதியால் மூடும் பிடியும் முயன்றேன், கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலித்தது. மாற்றி வாங்கியது ரூடால் என்று சொல்லும் சின்னத் துளை வடிவம். ரெண்டுமே 19-ஆம் நூற்றாண்டு லண்டன் குழல்களைப் பார்த்துச் செய்வதுதான். சத்தம் ஒரு படி குறைவு, ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்க முடிகிறது. ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் டெல்ரின் குழலின் துளை இடைவெளிகளை அளந்து செய்பவருக்கு அனுப்புங்கள். எந்த மரம் என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

*

மேலே சொன்னவரின் கடைசி வரியை நான் பெரிய எழுத்தில் போடுவேன். 1971-இல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் குழல் செய்து சோதித்தார். கேட்டவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை. பிளாக்வுட் ஆழமாகப் பேசும், பாக்ஸ்வுட் (வெளிர் மஞ்சள் மரம்) இனிமையாகப் பேசும் என்பதெல்லாம் நாம் கண்ணால் கேட்பது. என்னிடம் ரெண்டும் இருக்கின்றன. கண்ணைக் கட்டிவிட்டால் எடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன், பிளாக்வுட் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம்.

*

சகோ, கோல்ட்மன் சரிதான். ஆனால் அதை வைத்து டெல்ரின் போதும் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அவர் மூன்று குழலுக்கும் ஒரே மாதிரி தலைப்பகுதியைத்தான் பொருத்தினார். கேள்வி கேட்ட நண்பரை அந்த நாலு மூச்சில் மயக்கியது ஊதும் துளையின் விளிம்பாகத்தான் இருக்கும். அந்த விளிம்பு எவ்வளவு கூர்மை, உள்சுவர் எந்தச் சரிவு, மூலை எவ்வளவு உருண்டை என்பதையெல்லாம் ஒவ்வொரு குழலிலும் ஊதி ஊதிச் செதுக்குவதுதான் கைவேலைக்கு நாம் கொடுக்கும் காசு. அதே கை டெல்ரினில் செதுக்கினாலும் அதே பலன்தான் என்பது என் கட்சி.

*

விரிசல் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே!

என்னுடையது பிளாக்வுட், தலைப்பகுதிக்குள் முழு நீளத்துக்கு உலோகக் குழாய், ஸ்ருதி கூட்டிக் குறைக்கும் ஸ்லைடோடு. வந்த புதிதில் பிரமாதம். காற்று உலர்ந்த பருவம் வந்தது, ஹீட்டர் ஓடும் அறையில் மேஜை மேல் வைத்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போனோம். திரும்பியபோது ஊதும் துளையிலிருந்து மேலே தலைமுனை வரை மயிரிழை விரிசல். மரம் உலர்ந்தால் சுருங்கும், உள்ளே இருக்கும் உலோகம் சுருங்காது. மரத்துக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை, பிளந்துகொள்கிறது. பழைய குழல்களில் இந்த இடத்தில் விரிசல் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

செய்தவர் பெருந்தன்மையாகச் சரிசெய்து கொடுத்தார். இப்போது பெட்டிக்குள் சின்ன ஈரப்பத மீட்டர் வைத்திருக்கிறேன், 40-க்கும் 60-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. நீங்கள் ஆர்டர் கொடுப்பதானால் முழு உலோக உறை இல்லாத தலைப்பகுதி கேளுங்கள். சும்மா நூல் சுற்றிய இணைப்பே போதும், எடையும் குறையும். ஸ்லைடு வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்த இடத்துக்கு மட்டும் குட்டையாக உலோகம் போட்டு மற்ற இடத்தில் மரத்தைச் சும்மா விடும் அமைப்பும் உண்டு.

*

கேட்டவன்தான் திரும்ப வந்திருக்கிறேன். துளை அளவுகளை அனுப்பிவிட்டேன். கொஞ்சம் சின்னத் துளை, நூல் இணைப்பு என்று பேசியிருக்கிறது. கீ வேண்டுமா என்று கேட்கிறார். கீ போட்டால் விலையும் காத்திருப்பும் எங்கேயோ போகிறது. இப்போதைக்கு கீ இல்லாமல், பிற்பாடு பொருத்திக்கொள்ள வசதியாக மரத்திலேயே மேடு மட்டும் விட்டுச் செய்யலாம் என்றார். யாராவது அப்படிச் செய்து பிறகு நிஜமாகவே கீ போட்டீர்களா?

*

மேடு விட்டு வாங்கினேன், கீ போடவே இல்லை. மேடு மட்டும் அழகாக இருக்கிறது :)

*

நான் வாங்காமல் விட்ட கட்சி. புதியதற்குக் காத்திருப்பதற்குப் பதில் பழைய 19-ஆம் நூற்றாண்டுக் குழல் ஒன்றைப் பார்க்கப் போனேன். நாதம் சொர்க்கம். ஆனால் அந்தக் காலத்தில் ஏ என்ற ஸ்வரம் வினாடிக்கு 440 அதிர்வு என்று எல்லோருக்கும் பொதுவாக நிலைக்கவில்லை, 450-ஐத் தாண்டிய ஸ்ருதிக்கெல்லாம் செய்திருக்கிறார்கள். ஸ்லைடை இழுத்து இறக்கினால் ஸ்வரங்களுக்குள் உறவு கெடுகிறது. தனியாக வாசிப்பதானால் சரி, கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்க முடியாது. போதாக்குறைக்கு அதில் யானைத் தந்த வளையங்கள், எல்லை தாண்டி எடுத்துப் போனால் தலைவலி. விட்டுவிட்டேன்.

அனுமதித் தாள் விஷயத்தில் புதுக் குழல்காரர்களுக்கு இப்போது கொஞ்சம் நிம்மதி. பிளாக்வுட், ரோஸ்வுட் உட்பட டால்பெர்ஜியா இன மரங்கள் 2017-இல் சைட்டீஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலுக்குள் வந்தபோது, குழலை நாடு விட்டு நாடு அனுப்ப ஏகப்பட்ட அனுமதிச் சீட்டு கேட்டார்கள். 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் அந்த விலக்கில் சேராது.

*

உதட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரோஸ்வுட் வகைக் குழல் ஒன்று எனக்கு ஊதிய மறுநாளே உதடு தடித்து அரிக்க ஆரம்பித்தது. சில மரங்களின் பிசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, பழைய குழல்களில் வரும் கோகஸ் மரத்துக்கும் இந்தக் கெட்ட பெயர் உண்டு. முடிந்தால் அதே மரத்தின் துண்டு ஒன்றை வாங்கிச் சில நாள் உதட்டில் படும்படி வைத்துப் பாருங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், பரவாயில்லை.

*

குழல் வந்து சேர்ந்த பிறகு என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரம் ஒரே மூச்சில் மணிக்கணக்காக ஊத வேண்டாம். தினம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், அப்புறம் மெல்லக் கூட்டுங்கள். உள்பக்கம் நனைந்து உப்பும்போது வெளிப்பக்கம் உலர்ந்தே இருக்கும், அந்த இழுபறிதான் புது மரத்தைப் பிளக்கிறது. ஊதி முடித்ததும் துணி விட்டுத் துடைத்து, இணைப்புகளைக் கழற்றி வையுங்கள். எண்ணெய் போடும் முன் குழல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பாதாம் எண்ணெய் சில சொட்டு துணியில் விட்டு உள்ளே ஓட்டி, ஒரு இரவு விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நூல் சுற்றின் மேலும் தலைமுனையை அடைக்கும் தக்கையின் மேலும் எண்ணெய் படக் கூடாது. இணைப்பு தளர்ந்தால் ரெண்டு சுற்று நூல் கூட்டுங்கள், இறுகினால் ரெண்டு சுற்று எடுத்துவிடுங்கள். இறுகியதை முறுக்கித் திணிக்க வேண்டாம், பொருத்துவாய் உடையும். டெல்ரின் குழலை விற்றுவிடாதீர்கள், பயணத்துக்கும் மழைக்கும் அதுதான் லாயக்கு.